இரண்டு மூலைமட்டங்கள்

தமிழில் மூலைமட்டம் என்னும் ஒரே பெயர் இரண்டு கருவிகளுக்கு வழங்குகிறது. கொத்தனார் சுவரின் மூலையில் பொருத்தி, இரு சுவர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்க்கும் இரும்புச் சட்டம் ஒன்று. பள்ளி மாணவரின் கணிதப் பெட்டிக்குள் கவராயத்துக்கும் கோணமானிக்கும் அடியில் கிடந்து, பெரும்பாலும் பயன்படுத்தப்படாமலேயே பழையதாகிப்போகும் முக்கோணப் பிளாஸ்டிக் தகடு மற்றொன்று. பெயர் ஒன்றாயிருந்தும் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவை உணராமலேயே ஒருவர் பத்தாம் வகுப்பு வரை வடிவியல் படித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்று, பள்ளியை விட்டு வெளியேறிவிட முடிகிறது. நிலத்தை அளக்கும் தேவையிலிருந்து பிறந்த கலை இது. கிரேக்க மொழியில் அதன் பெயருக்கே நில அளவை என்பதுதான் பொருள். வகுப்பறைக்குள் வந்து சேரும்போதோ நிலமும் கயிறும் உதிர்ந்து, எடுகோள், தேற்றம், நிரூபணம் என்று முற்றுப்பெற்ற வடிவம் மட்டுமே எஞ்சுகிறது. பிறர் நடந்து முடித்த பயணத்தின் கடைசி ஊரில் மாணவர் இறக்கிவிடப்படுகிறார்.

இக்குறை பழையது, அதைப் பற்றிய முறையீடும் பழையதே. பொ.ஆ.மு. 300-ஐ ஒட்டி யூக்ளிட் தொகுத்த 13 பகுதிகள் கொண்ட 'எலிமென்ட்ஸ்' என்னும் நூல், முதிர்ந்த அறிஞருக்காக எழுதப்பட்டதாயினும், 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பிரிட்டனின் பள்ளிச் சிறுவர்கள் அதன் தேற்றங்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்துவந்தனர். பொறியியல் பேராசிரியரான ஜான் பெர்ரி 1901-இல் கிளாஸ்கோ நகரில் நிகழ்த்திய உரையில் இம்முறையைக் கடுமையாகச் சாடி, அளத்தல், வரைதல், எடைபோடுதல் ஆகியவற்றின் வழியே கணிதம் தொடங்கப்பட வேண்டும் என்று வாதிட்டார். 1903-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் தன் தேர்வுகளில் யூக்ளிடின் வரிசையையே பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. ஆயினும் செய்முறை பாடத்திட்டத்துக்குள் நுழைந்ததாலேயே சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்குத் தனி இடமுண்டு. வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரையும் படிகளைப் பிழையின்றிச் செய்யும் மாணவர் பலர், அப்படிகள் ஏன் தொடுகோட்டைத் தருகின்றன என்று கேட்டால் விழிக்கின்றனர். கையால் செய்வதெல்லாம் கைவழிக் கற்றல் ஆகிவிடாது. சமையல் குறிப்பைப் பின்பற்றுவதுபோலக் கவராயத்தைச் சுழற்றுவதும் மனப்பாடத்தின் இன்னொரு வடிவமே.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதியரான பியர் வான் ஹீலேயும் டீனா வான் ஹீலே-கெல்டோஃபும் ஆவர். தங்கள் வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு விளக்கினாலும் மாணவர் வேற்று மொழியைக் கேட்பவர்போல் அமர்ந்திருப்பதைக் கண்ட இருவரும், 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடுகளில், வடிவியல் சிந்தனை ஐந்து நிலைகளில் வளர்கிறது என்ற கருத்தை முன்வைத்தனர். முதல் நிலையில் வடிவம் அதன் தோற்றத்தால் மட்டுமே அறியப்படுகிறது: கதவுபோல் இருப்பதால் அது செவ்வகம். இரண்டாம் நிலையில் வடிவத்தின் பண்புகள் தனித்தனியே கண்ணில் படுகின்றன: எதிர்ப்பக்கங்கள் சமம், கோணங்கள் நான்கும் செங்கோணம். மூன்றாம் நிலையில் ஒரு பண்பு மற்றொன்றிலிருந்து பிறப்பது விளங்கி, வடிவங்களுக்கு இடையே உறவுமுறை உருவாகிறது. நான்காம் நிலையில் முறையான நிரூபணம் பொருளுள்ளதாகிறது. ஐந்தாம் நிலை, எடுகோள்களையே மாற்றி வேறு வடிவியல்களை ஆராயும் கணித அறிஞருக்குரியது. இந்த ஏற்றம் வயதால் தானாக நிகழ்வதில்லை, கற்பித்தலால்தான் நிகழ்கிறது என்பதும், ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க இயலாது என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். ஆசிரியர் நான்காம் நிலையில் நின்று பேச, மாணவர் முதல் நிலையில் நின்று கேட்டால், சொற்கள் ஒன்றாயிருந்தும் பொருள் ஒன்றாயிராது.

இதற்குத் தமிழ் வகுப்பறையில் ஒரு தனிச் சான்று உண்டு. சதுரத்தை ஒரு மூலையில் நிற்குமாறு சாய்த்து வரைந்து, இது என்ன வடிவம் என்று கேட்டால், பல மாணவர் சற்றும் தயங்காமல் 'சாய்சதுரம்' என்பர். நான்கு பக்கங்களும் சமமாயுள்ள எந்த நாற்கரமும் சாய்சதுரமே. எனவே சதுரமும் ஒருவகைச் சாய்சதுரம்தான், விடையும் சரிதான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் வேறு: அது சாய்ந்திருக்கிறது, ஆகவே சாய்சதுரம். அதே தாளைத் திருப்பி நேராக வைத்தால் அது மீண்டும் 'வெறும்' சதுரமாகிவிடுகிறது. கலைச்சொல்லை ஆக்கியோர் தோற்றத்தைக் கொண்டு பெயரிட்டதால், முதல் நிலையிலேயே தங்கிவிடுவதற்கு மொழியே துணைபோகிறது. சரியான விடை தவறான சிந்தனையை மறைத்துக்கொண்டிருக்கும் இத்தகைய இடங்களை எழுத்துத்தேர்வு கண்டுபிடிப்பதில்லை.

டீனா வான் ஹீலே தம் ஆய்வுக்காக ஏறத்தாழ 12 வயதுப் பிள்ளைகளுக்கு அளித்த பணி, தரையில் ஓடு பாவுவது. ஒரே வடிவமும் அளவும் கொண்ட ஓடுகளால், இடைவெளியும் மேற்படிதலும் இன்றித் தரையை நிரப்ப முடியுமா என்பதே கேள்வி. எந்த முக்கோண ஓட்டாலும் நிரப்ப முடியும் என்பது செய்துபார்க்கும்போது வியப்பாகவே இருக்கும். அவ்வாறு நிரம்பிய தரையை உற்று நோக்கும் பிள்ளைகள், அதில் இரண்டு உருவங்களை மீண்டும் மீண்டும் காண்கின்றனர். அவற்றுக்கு ரம்பம், ஏணி என்றே பெயர் வழங்கிற்று. ரம்பத்தின் பற்களில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாகின்றன. ஏணியின் படிகளில் ஒத்த கோணங்கள் சமமாகின்றன. பாடநூலில் இணைகோடுகளும் குறுக்குவெட்டியும் என்ற தலைப்பின்கீழ் வறண்ட விதிகளாக வரும் செய்திகள், இங்கே தரையிலிருந்து எழுந்து வருகின்றன; பெயர் பின்னரே வருகிறது. டீனா தம் ஆய்வேட்டை முடித்த சிறிது காலத்திலேயே மறைந்துவிட்டார். அவர்களது கொள்கை உலகெங்கும் பரவியபோது கணவரின் பெயரே முன்னின்றது எனினும், வகுப்பறைச் சோதனை டீனாவுடையது.

இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு ஏற்றும் பணியில், விலை குறைந்த பொருள்களில் குச்சிக்கு நிகரானது இல்லை. ஈர்க்குச்சிகளையோ தீக்குச்சிகளையோ சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை, 1972-இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் தொடர்பில் வளர்த்தெடுத்து, நாடெங்கும் பரப்பியவர் அரவிந்த் குப்தா. மூன்று குச்சிகளை இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்தை எப்படி அழுத்தினாலும் உருக்குலைவதில்லை. நான்கு குச்சிகளை இணைத்த சதுரமோ விரல் பட்டதும் சரிந்து சாய்சதுரமாகிறது. மின்கோபுரத்திலும், ஓட்டுக் கூரையைத் தாங்கும் சட்டத்திலும், சைக்கிளின் சட்டகத்திலும் முக்கோணங்களே நிறைந்திருப்பதற்குக் காரணம் இந்த உறுதி. பெரும்பாலான செயல்பாட்டு நூல்கள் இவ்விடத்தில் பாலத்தின் படமொன்றைக் காட்டி நிறுத்திக்கொள்கின்றன. உண்மையில் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. முக்கோணம் ஏன் அசைவதில்லை? மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் கோணங்களுக்கு மாறும் உரிமை இல்லை என்பதால். மூன்று பக்கங்கள் முறையே சமமாயுள்ள இரு முக்கோணங்கள் சர்வசமம், அதாவது ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவன, என்று பாடநூல் கூறும் ப-ப-ப விதியும் இதுவேதான். ஒன்பதாம் வகுப்பில் எழுத்துகளாக எழுதிவைத்த விதி, அழுத்தும் விரலுக்கு அடங்காத எதிர்ப்பாக மாணவரின் கையில் உணரப்படுகிறது.

சரியும் சதுரம் தரும் பாடமும் இதற்குக் குறைந்ததன்று. அது படுத்துக்கொண்டே போகையில் சுற்றளவு இம்மியும் மாறுவதில்லை. பரப்பளவோ குறைந்து குறைந்து சுழியை நெருங்குகிறது. சுற்றளவு மாறாவிட்டால் பரப்பும் மாறாது என்று எண்ணும் பழக்கம், வயது வந்தோரிடமும் காணப்படுவது, இந்த ஓர் அசைவில் உடைகிறது. மேலும், சரிந்த வடிவத்தை மெல்ல நிமிர்த்தும்போது, எண்ணற்ற சாய்சதுரங்களின் வரிசையில் ஒரு நொடி சதுரமும் வந்து போகிறது. சதுரம் சாய்சதுரக் குடும்பத்தின் ஓர் உறுப்பு என்ற வரையறை, முன்னர்ப் பெயரின் சாய்வால் குழம்பிய மாணவருக்கு, அசைவின் வழியே இப்போது சரியான காரணத்துடன் விளங்குகிறது.

இன்னும் நுட்பமான ஒரு சோதனையும் உண்டு. மேசைமேல் ஒரு நீண்ட கோட்டை வரைந்து, அதன் ஒரு முனையிலிருந்து 30 பாகைக் கோணத்தில் 10 செ.மீ. குச்சியை வைத்து, அதன் மேல்முனையில் மூன்றாவது குச்சியொன்றை ஊசல்போல் ஆடுமாறு பொருத்த வேண்டும். அக்குச்சி 4 செ.மீ. ஆனால் கோட்டை எட்டாது, முக்கோணமே அமையாது. சரியாக 5 செ.மீ. ஆனால் ஒரே இடத்தில், செங்குத்தாகத் தொடும், 6 செ.மீ. ஆனால் இரண்டு இடங்களில் தொட்டு, இரண்டு வெவ்வேறு முக்கோணங்களைத் தரும். இரு பக்கங்களும், அவற்றுக்கு இடைப்படாத ஒரு கோணமும் சமமாயிருந்தால் முக்கோணங்கள் சர்வசமம் ஆகா என்பதைப் பாடநூல் ஒரு வரியில் எச்சரித்துவிட்டுப் போகிறது. ஆடும் குச்சியைப் பார்த்தவருக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படாது.

குச்சியிலிருந்து கொத்தனாரிடம் செல்ல ஓரடியே. கடைக்கால் குறிக்கும்போது, மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் அளந்து புள்ளியிட்டு, இரு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வரும்வரை நூலை நகர்த்தினால், மூலையில் செங்கோணம் அமைந்துவிடுகிறது. இது பிதாகரஸ் தேற்றத்தின் பயன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அவ்வாறு அன்று. செங்கோணம் இருந்தால் பக்கங்களின் வர்க்கங்கள் இன்னவாறு இருக்கும் என்பது தேற்றம். வர்க்கங்கள் இன்னவாறு இருந்தால் செங்கோணம் இருக்கும் என்பது அதன் மறுதலை. கொத்தனார் கையாள்வது மறுதலையை. ஒரு கூற்று உண்மையாயிருப்பதால் அதன் மறுதலையும் உண்மையாகிவிடாது என்பதை, மாடுகளெல்லாம் விலங்குகள், ஆனால் விலங்குகளெல்லாம் மாடுகள் அல்ல என்ற அளவில் எல்லாரும் அறிவர். வடிவியலில் மட்டும் இந்த எச்சரிக்கை மறந்துபோகிறது. மறுதலைக்கு நிரூபணம் தேவை. அதற்குரிய கருவி குச்சி முக்கோணத்திலேயே கிடைத்துவிட்டது. 3, 4 நீளமுள்ள பக்கங்களுக்கு இடையே செங்கோணம் வைத்து வேறொரு முக்கோணம் வரைந்தால், தேற்றத்தின்படி அதன் கர்ணம் 5 ஆகும். கொத்தனாரின் நூல் முக்கோணத்துக்கும் பக்கங்கள் 3, 4, 5. ப-ப-ப விதிப்படி இரண்டும் சர்வசமம். எனவே கொத்தனாரின் மூலையும் செங்கோணமே. நான்கு மூலைகளையும் குறித்தபின் அவர் மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளந்து சமமா என்று சரிபார்ப்பதும், இணைகரத்தில் மூலைவிட்டங்கள் சமமானால் அது செவ்வகம் என்னும் தேற்றத்தைத் தரையில் எழுதுவதே. கட்டடப் பணி நடக்கும் இடமொன்றில் ஒரு காலைப்பொழுதைக் கழித்து, அங்கே பயன்படும் தேற்றங்களைப் பட்டியலிடுவதைக் காட்டிலும் சிறந்த வீட்டுப்பாடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

காகித மடிப்புக்கு வரும்போது, தமிழ்நாட்டு வாசகர் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய நூல் ஒன்று உண்டு. டி. சுந்தர ராவ் எழுதி, 1893-இல் சென்னையில் வெளியான 'காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்' என்னும் பொருளுடைய ஆங்கில நூல், கிண்டர்கார்ட்டன் முறையைத் தோற்றுவித்த ஃபிரோபெல் சிறுவருக்கென வகுத்த மடிப்பு விளையாட்டிலிருந்து தூண்டுதல் பெற்று, ஒழுங்குப் பலகோணங்கள் முதல் கூம்பு வளைவுகள் வரை மடிப்பாலேயே எட்ட முயன்றது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் இந்நூலைத் தம் நூலில் குறிப்பிட்டதையடுத்து, 1901-இல் அமெரிக்காவிலும் அது பதிப்பிக்கப்பட்டது.

மடிப்பின் சிறப்பு, அது அளவுகோலின் தயவை நாடாதிருப்பது. ஒரு கோட்டின்மேல் மடித்தால் இருபுறமும் ஒன்றையொன்று மறைக்கின்றன. சமம் என்பது அளந்து பெறும் எண்ணாக இல்லாமல், பொருந்துதலாகவே நேரில் தெரிகிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற செய்தியை மூன்று வழிகளில் அணுகினால் இது விளங்கும். கோணமானியால் அளந்தால் வகுப்பில் 40 பேருக்கும் 178, 181, 179½ என்று பலவாறு விடை வரும். ஆசிரியர் சொன்ன விடையை எட்டுவதற்காகச் சிலர் அளவைத் திருத்திக்கொள்வதும் உண்டு. இரண்டாவது வழி, காகித முக்கோணத்தின் மிக நீண்ட பக்கத்தை அடியாக வைத்து, உச்சியை அதற்கு நேர்கீழே அடிப்பக்கத்தைத் தொடுமாறு மடித்து, மற்ற இரு மூலைகளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவருவது. மூன்று கோணங்களும் பக்கம்பக்கமாக அமர்ந்து ஒரு நேர்க்கோட்டை நிரப்புகின்றன. அதே மடிப்பில் கிடைத்த இரட்டை அடுக்குச் செவ்வகத்தின் நீளம் அடியில் பாதி, அகலம் உயரத்தில் பாதி என்பதால், முக்கோணத்தின் பரப்பு அடி பெருக்கல் உயரத்தில் பாதி என்பதும் கூடுதல் வரவாகக் கிடைக்கிறது. ஆனால் மடித்தது ஒரே ஒரு முக்கோணத்தை. எல்லா முக்கோணங்களுக்கும் இது பொருந்தும் என்பதற்கு என்ன உறுதி என்ற கேள்வி எழும்போதுதான், உச்சி வழியே அடிக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, டீனாவின் ரம்பத்தை இருபுறமும் காட்டி முடிக்கும் மூன்றாவது வழி, அதாவது நிரூபணம், வெறும் சடங்காக இல்லாமல் விடையாக வந்து சேர்கிறது.

அன்றாடப் பொருளிலேயே மறைந்திருக்கும் வடிவியலுக்கு ஏ4 தாள் நல்ல எடுத்துக்காட்டு. 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் உடைய அத்தாளின் குறுகிய விளிம்பை நீண்ட விளிம்பின்மேல் படியுமாறு மடித்தால், மூலையிலிருந்து சாய்வாக ஒரு மடிப்புக்கோடு விழும். இன்னொரு ஏ4 தாளின் நீண்ட விளிம்பை அதன்மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் மயிரிழையும் பிசகாமல் ஒத்துப்போகும். மடிப்புக்கோடு 210 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம். அதன் நீளம் 210-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைக்கும் 296.98 மி.மீ. தாளைப் பாதியாக வெட்டினாலும் அதே வடிவம் மாறாமல் வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையிலிருந்து இந்த விகிதம் பிறக்கிறது. 1922-இல் ஜெர்மனி இதைத் தர அளவாக ஏற்றது. ஜெராக்ஸ் கடையின் இயந்திரத்தில் ஏ3 தாளை ஏ4 ஆகச் சுருக்கும் பொத்தானில் 71 விழுக்காடு என்று ஏன் எழுதியிருக்கிறது, 50 என்று ஏன் இல்லை என்று ஒரு வகுப்பைக் கேட்டுப்பார்க்கலாம். வடிவொத்த உருவங்களில் பரப்பு பாதியாகும்போது பக்கம் பாதியாவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கற்பிக்க இயலாது. மடிப்பின் வலிமை பள்ளியோடு நின்றுவிடவும் இல்லை. கவராயத்தாலும் அளவிடாத கோலாலும் எல்லாக் கோணங்களையும் மூன்று சமபாகமாக்கிவிட இயலாது என்று 1837-இல் வான்ட்செல் நிறுவினார். மடிப்பால் முப்படிச் சமன்பாடுகளையே தீர்க்க முடியும் என்று இத்தாலியக் கணிதவியலர் மார்கரீட்டா பெலோக் 1936-இல் காட்டினார். கோணத்தை மூன்றாக்குவதும் அதில் அடக்கம்.

இதுவரை சொன்னவை கையின் பெருமை. கை ஏமாற்றவும் செய்யும். அதையும் பதின்பருவத்தினர் அறிந்தாக வேண்டும். ஒரு பக்கத்துக்கு 8 கட்டம் வீதம் 64 கட்டமுள்ள சதுரத்தை முதலில் 3-க்கு 8, 5-க்கு 8 என இரு செவ்வகங்களாக வெட்ட வேண்டும். சிறிய செவ்வகத்தை மூலைவிட்டத்தின் வழியே வெட்டினால் இரு செங்கோண முக்கோணங்களும், பெரியதைச் சாய்வாக வெட்டினால் இணைப்பக்கங்கள் 3, 5 என உள்ள இரு சரிவகங்களும் கிடைக்கும். இந்நான்கு துண்டுகளையும் 5-க்கு 13 கட்டமுள்ள செவ்வகமாக மாற்றி அடுக்கினால், கட்டங்கள் 65 ஆகின்றன. எங்கிருந்தோ ஒரு கட்டம் முளைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் இப்புதிரை மாணவர் முன் வைத்துவிட்டு, ஆசிரியர் எதுவும் பேசாமல் இருப்பது நல்லது. சிலர் மீண்டும் எண்ணுவர். சிலர் கத்தரிக்கோலைக் குறைகூறுவர். முக்கோணத்தின் சாய்வு எட்டுக்கு மூன்று, சரிவகத்தின் சாய்வு ஐந்துக்கு இரண்டு, அதாவது 0.375-உம் 0.4-உம் என்று யாரேனும் ஒருவர் கணக்கிட்டவுடன் குட்டு வெளிப்படும்: துண்டுகள் ஒரே நேர்க்கோட்டில் சேரவே இல்லை, நடுவில் மிக மெல்லிய இணைகர வடிவ இடைவெளியொன்று, சரியாக ஒரு கட்டப் பரப்புடன், கண்ணுக்குத் தப்பிக் கிடக்கிறது. இரு சாய்வுகளுக்கும் இடையே உள்ள கோணம் ஒன்றேகால் பாகைதான். பொருந்துவதுபோல் தெரிவதும் பொருந்துவதும் வேறு என்று ஒருமுறை ஏமாந்த மாணவருக்கு, நிரூபணம் எதற்கு என்ற கேள்வி பிறகு எழுவதில்லை.

கண்டறிதலுக்கும் நிறுவுதலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை ஆர்க்கிமிடீஸ் முன்பே அறிந்திருந்தார். வடிவங்களை மெல்லிய கீற்றுகளாக எண்ணி, நெம்புகோலில் தொங்கவிட்டு எடைபோடுவதாகக் கற்பனை செய்தே தம் முடிவுகள் பலவற்றை முதலில் கண்டதாகவும், அது நிரூபணம் ஆகாதெனினும் விடை முன்னரே தெரிந்திருந்தால் நிரூபணத்தைத் தேடுவது எளிது என்றும் எரட்டோஸ்தனிசுக்கு எழுதிய மடலில் அவர் விளக்கியிருந்தார். தொழுகை நூலொன்றை எழுதுவதற்காகச் சுரண்டப்பட்ட தோல் ஏடுகளின் அடியில் மங்கிக் கிடந்த அம்மடலை 1906-இல் ஹைபர்க் என்னும் டென்மார்க் அறிஞர் அடையாளம் கண்டார். உலகின் மிகச் சிறந்த வடிவியலர்களில் ஒருவருக்குத் தேவைப்பட்ட தராசு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படாது என்று கருதுவது துணிச்சல்தான்.

வகுப்பறைக்கு வெளியே செய்யத்தக்கவற்றுள் உயரம் அளத்தல் முதன்மையானது. கோணமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சுகுழல் ஒன்றை ஒட்டி, மையத்திலிருந்து நூலில் ஒரு திருகுமரையைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம், அதாவது கிடைக்கோட்டிலிருந்து பார்வை மேலெழும் கோணம், அளக்கும் கருவி ஆயத்தம். ஏற்றக்கோணம் 45 பாகையாகும் இடம்வரை பின்னோக்கி நடந்தால், மரத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே உள்ள தொலைவோடு கண்ணின் உயரத்தைக் கூட்ட, மரத்தின் உயரம் கிடைத்துவிடும். ஆனால் இதன் உண்மையான பயன் விடையில் இல்லை, பிழையில் இருக்கிறது. 50 மீட்டர் தொலைவில் நின்று 45 பாகையை அளப்பதில் ஒரு பாகை தவறினால் உயரத்தில் ஏறத்தாழ 1.75 மீட்டர், அதாவது 3.5 விழுக்காடு பிழை நேரும். மிகத் தொலைவில் நின்று 20 பாகையிலோ, மிக அருகில் நின்று 70 பாகையிலோ அளந்தால் அதே ஒரு பாகைத் தவறு 5 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிழையாகும். எங்கே நின்று அளப்பது நல்லது என்ற கேள்வியைப் பாடநூல் கணக்கு ஒருபோதும் கேட்பதில்லை, ஏனெனில் அங்கே கோணம் எப்போதும் 30, 45, 60 என்று பிழையின்றியே வந்து நிற்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து புறப்பட்டு, பெரும்பாலும் கோணங்களை மட்டுமே அளந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இமயம்வரை சென்ற பெரும் அளவைப் பணியும் இதே கணக்குதான். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றுகையில் கயிறறுந்து மோதிச் சிதைந்த, அரை டன் எடையுள்ள தம் கோணமளக்கும் கருவியை லாம்டன் பல வாரங்கள் முயன்று தாமே செப்பனிட்டார் என்ற வரலாற்றைச் சொன்னால், ஒரு பாகைப் பிழையை மாணவர் அலட்சியப்படுத்தமாட்டார்.

இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்ற ஆசிரியரின் கேள்வி நேர்மையானது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியும் மெய்யானது. ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு செயல்பாடு என்று அட்டவணை போடுவது தேவையுமில்லை, நல்லதுமில்லை. பருவத்துக்கு மூன்று நான்கு செயல்பாடுகளே போதும். ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் செய்ததற்கு ஆன நேரத்துக்குக் குறையாமல் பேச நேரம் இருக்க வேண்டும். எது மாறியது, எது மாறவில்லை, எப்போதும் இப்படித்தானா, ஏன் என்ற கேள்விகள் கேட்கப்படாத செயல்பாடு கைவேலை வகுப்பாக முடியும். கணினித் திரையில் புள்ளியை இழுத்து வடிவத்தை மாற்றிப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா போன்ற மென்பொருளுக்கும் இதுவே பொருந்தும். ஒரு நிமிடத்தில் நூறு முக்கோணங்களைக் காட்டும் அதன் வேகம் பெரும் வசதி, எனினும் குச்சியை அழுத்தி அறிந்தபின் அதைப் பயன்படுத்துவதே முறை.

தமிழ் வீட்டு வாசலில் நாள்தோறும் நிகழும் செயல்பாடு ஒன்று எஞ்சியிருக்கிறது. புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்தோடும் சிக்குக்கோலத்தை 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும் கணித மொழியியலின் பொருளாக ஆராய்ந்தனர். ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டினர் மணலில் வரையும் 'சோனா' ஓவியங்களில் அதே வகைக் கோடுகளைப் பவுலுஸ் கெர்டஸ் ஆராய்ந்தார். செவ்வகமாகப் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கிடையே சாய்வாக ஓடி விளிம்பை எட்டியதும் வளைந்து திரும்பும் எளிய இழைகளை மட்டும் வரைந்தால், 2-க்கு 3 புள்ளியில் ஒரே இழையில் கோலம் முடிகிறது. 3-க்கு 3 புள்ளியில் மூன்று தனி இழைகளும், 4-க்கு 6-இல் இரண்டு இழைகளும் தேவைப்படுகின்றன. வரிசை எண்ணுக்கும் நிரல் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணியே இழைகளின் எண்ணிக்கை. இதை ஆண் பெண் வேறுபாடின்றி எல்லா மாணவரும் சுண்ணக்கட்டியால் பள்ளி முற்றத்தில் வரைந்து கண்டுபிடிக்க முடியும். ஏன் அவ்வாறு அமைகிறது என்பதற்கான திறவுகோல், கேரம் பலகையின் விளிம்பில் பட்டுத் திரும்பும் காய்க்கும் காகித மடிப்புக்கும் பொதுவானது: விளிம்பில் திரும்பும் பாதையை, விளிம்பின் வழியே பலகையையே மடித்து விரித்ததாகக் கருதினால், அது திரும்பாமல் நேரே செல்லும் கோடாகிவிடும். 6-க்கு 9 புள்ளி வைத்து எத்தனை இழை வருகிறது என்று முதலில் எண்ணிவிட்டு, வாசகர் இந்தக் குறிப்பிலிருந்து எஞ்சிய நிரூபணத்தைத் தாமே தொடரலாம்.